பாஸ்ராவில் நான் வீழ்த்திய டாங்கி

1969 ஜூன் 29, ஞாயிறு. மந்தைவெளி.

இன்று காலை பத்து மணிக்கு என் அக்கா மகள் செண்பகத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. வானத்திலிருந்து பூமாரி பொழிந்தது. (தூறல்தான். கொடியில் கிடந்த என் ஒரே நல்ல சட்டை நனைந்துவிட்டது.) மாப்பிள்ளை ஆதம்பாக்கம் மாணிக்கவாசகம், கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். கை குலுக்கினான் பாருங்கள், என் ஐந்து விரலும் இந்த நிமிஷம் வரை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆவணி 29-ல் முகூர்த்தம்.

மாப்பிள்ளையின் தாயார் புஷ்பம் அம்மாள் உள்ளே நுழைந்ததும் முதலில் பார்த்தது பெண்ணை அல்ல. சுவரில் மாலையோடு தொங்கும் படத்தை. ராணுவத் தொப்பி, முறுக்கு மீசை, மார்பில் பதக்கம். அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“டாங்கியையே சாச்சாராமே சம்பந்தி! எங்க தெருவே அதத்தான் பேசிக்கினு கீது. கல்யாணப் பத்திரிகையில கொட்டை எழுத்துல போட்டுடுங்கண்ணா.”

“போடாம வுடுவேனா?” என்றேன்.

அக்கா தேவானை காபித் தட்டோடு நின்றபடி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதன் அர்த்தம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஏனென்றால் அந்தப் படத்தில் இருப்பது செண்பகத்தின் அப்பா சின்னப்பையன் அல்ல.

நான்.

ஜூன் 30, திங்கள்

என்றாவது ஒருநாள் அரசாங்கம் இந்த நோட்டைக் கைப்பற்றிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும். ஆகவே விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

சின்னப்பையன் மாமா வேளச்சேரி ஏரிக்குக் கீழே ஒன்றரைக் காணியில் நெல் பயிரிட்டவர். நாற்பத்திரண்டு ஆரம்பத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சைதாப்பேட்டைக்கு நடந்தே போனார். துப்பாக்கி தருவார்கள் என்று போனவருக்கு மண்வெட்டி தந்தார்கள். பயனியர் கம்பெனி என்று பெயர். அங்கேயும் மண்தான் வெட்ட வேண்டும். கப்பல் ஏறினபோது அக்காவுக்கு மூன்று மாதம். செண்பகம் பிறந்ததும் கடிதம் போட்டோம். போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. மறு வருஷம் ஆடியில், ஈராக்கில் இருக்கும் பாஸ்ராவில், மாமா காலமானார்.

அவருக்குப் படமே கிடையாது. செண்பகம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது, “உனக்கு அப்பாவே இல்லடி” என்று எவளோ ஒரு குட்டிப் பிசாசு சொல்லிவிட்டது. குழந்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நான் நாடகக் கம்பெனியிலிருந்து தொப்பியும் சட்டையும் வாடகைக்கு எடுத்தேன். மயிலாப்பூரில் ஒரு ஸ்டுடியோவில் மீசை ஒட்டிக்கொண்டு நின்றேன். இடுப்புக்கு மேலே இந்தியப் பட்டாளம், கீழே எட்டு முழ வேட்டி. பதக்கம் என்பது நான் வேலை பார்க்கும் துணிக்கடைக்கு வரும் துணிப் பேல் மூட்டையில் கட்டியிருக்கும் தகர வில்லை. படக்காரர் கன்னத்துக்கு ரோஸ் பூசி, பத்து வயது குறைத்து, கண்ணில் வீரத்தை ஏற்றிக் கொடுத்தார்.

அக்கா சொன்னது இதுதான்: “கொயந்த சாப்ட்டா போதும். கும்புடும்போது நான் கண்ண மூடிக்கிறேன்.”

அன்று முதல் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் என் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. வடை, பாயசம், எட்டு வகைக் கறி. உயிரோடு இருந்துகொண்டே இருபது வருஷமாகப் படையல் வாங்கிச் சாப்பிடும் ஒரே மனிதன், வடதுருவம் முதல் தென்துருவம் வரை, இந்தச் சேட்டு ஒருவன்தான். எனக்குக் கல்யாணம் ஆகாததற்கும் இதுதான் காரணம் என்கிறாள் அக்கா. மாலை போட்ட படத்துக்கு எவள் கழுத்தை நீட்டுவாள்?

ஜூலை 4, வெள்ளி

பத்திரிகை வாசகம் தயார். வால்மீகியும் கம்பனும் வந்து என் காலடியில் உட்கார்ந்து பாடம் கேட்கட்டும்:

‘பாஸ்ரா போர்க்களத்தில் எதிரியின் டாங்கியைத் தன்னந்தனியாகத் தகர்த்து, அந்த வெடியிலேயே வீரசொர்க்கம் எய்திய மாவீரர், வேளச்சேரி திரு. சின்னப்பையன் அவர்களின் ஏக புத்திரி...’

உரக்கப் படித்துக் காட்டினேன். செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கார்ப்பரேஷன் பள்ளிக்கூட டீச்சர் அவள், எழுத்துப் பிழை கண்டுபிடிக்கக்கூட மறந்துவிட்டாள். அக்கா அரிசி களையப் போய்விட்டாள். பெருமை தாங்கவில்லை போல.

ஜூலை 5

அச்சகத்துக்காரர் ஆடி நடுவில் புரூஃப் தருகிறாராம். ‘மாவீரர்’ என்ற சொல்லுக்கு இருப்பதிலேயே பெரிய எழுத்து வேண்டும் என்றேன். அது சினிமா நோட்டீசுக்கு உள்ளது என்றார். அதுவே போதும் என்றேன்.

ஜூலை 19, சனி

போச்சு. எல்லாம் போச்சு.

நிதானமாக எழுதுகிறேன். தி. நகரில் எங்கள் கடையில் ஆடித் தள்ளுபடி. மூன்று லட்சம் பேர். (முந்நூறு இருக்கும்.) நான் புடவை விரித்துக்கொண்டே வழக்கம்போல மாமாவின் போரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதை கேட்கிற பெண்கள் எழுந்து போவதில்லை, அது என் தொழில் ரகசியம். சாதாரண நாளில் ஒரு டாங்கி. தள்ளுபடி நாளில் மூன்று.

முதலாளி அய்யாதுரை அண்ணாச்சி கல்லாவிலிருந்து கத்தினார்: “ஏ சேட்டு, துணி விக்கியா, யுத்தம் பண்ணுதியா?”

அப்போது மகளுக்கு நிக்காஹ் துணி எடுக்க வந்திருந்த ஒரு பெரியவர் தலையை நிமிர்த்தினார். நரைத்த தாடி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

“பாஸ்ராவுலயா? எந்த வருசம் நைனா?”

“நாப்பத்து மூணு.”

“நாப்பத்து மூணுல பாஸ்ராவுல டாங்கி ஏது? ஈ தான் இருந்துச்சு. நான் அங்க ஆஸ்பத்திரி வார்டுல வேலை பாத்தவன்.”

பெண்கள் சிரித்தார்கள். நான் அவசரமாக வேறு புடவையை விரித்தேன். பேச்சு அதோடு போயிருக்கும். அண்ணாச்சி விடவில்லை. “ஆஸ்பத்திரில்லாம் இல்ல வே, டாங்கிய ஒடச்சது இவன் அக்கா மாப்பிள்ளை. வேளச்சேரி சின்னப்பையன்.”

பெரியவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

“காதுல செவப்புக் கடுக்கன் போட்டவரா? ஏரில தண்ணி வந்துச்சா, தண்ணி வந்துச்சான்னு கேட்டுக்கினே இருப்பாரே... அவரா?”

என் கையிலிருந்த புடவை மடிப்பு கலைந்து தரையில் விழுந்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவை.

பெயர் மெஹபூப் பாஷா. கச்சேரி ரோட்டில் சைக்கிள் கடை. சண்டை முடிந்து வந்ததும் வேளச்சேரிக்குப் போய்த் தேடினாராம். நாங்கள் அதற்குள் காணியை விட்டுவிட்டு மந்தைவெளிக்கு வந்துவிட்டோம்.

“அவரு சம்சாரம், அந்த அம்மா இருக்காங்களா?” என்று கேட்டார்.

இருக்காங்க என்று தலையாட்டிவிட்டேன். ஐயோ, எதற்கு ஆட்டினேன்?

ஜூலை 20, ஞாயிறு

கண்ணாடிப் பெட்டி வேண்டாம். இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடலாம்.

நாற்பத்து மூன்றில் வந்த பட்டாளக் கடிதம் இங்கிலீஷில் இருந்தது. வீட்டில் எட்டாவது வரை படித்தவன் நான் ஒருவன். வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். அக்கா இடுப்பில் குழந்தையோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதத்தில் இருந்தது ஒரே வரி. இன்ன தேதியில் ஆஸ்பத்திரியில் சீதபேதியால் மரணம்.

சீதபேதி. அதை எப்படிச் சொல்வது? ஊரைவிட்டு, ஏரைவிட்டு, கடல் தாண்டிப் போன மனிதன் வயிற்றால் போய்ச் செத்தான் என்று பத்துப் பேர் முன்னால் சொல்லவா? ஊர்ப் பயல்கள் சிரிப்பார்கள். அக்கா தலை நிமிர வேண்டாமா? எனக்கு அப்போது இருபத்தைந்து வயசு. வாயைத் திறந்தேன், டாங்கி வந்தது. குண்டு வந்தது. உடம்பு கிடைக்கவில்லை என்றேன், ஏனென்றால் உடம்பு எங்கே என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? ‘தூள் தூளாப் போச்சாம்’ என்று நானே சொன்னேன்.

படம் விஷயம் அக்காவுக்குத் தெரியும். இது அவளுக்கும் தெரியாது.

பாஷா வந்தால் செண்பகம் முகத்தில் எப்படி முழிப்பேன்? புஷ்பம் அம்மாள் கல்யாணத்தை நிறுத்தினால்? இருபத்தேழு வயதில் ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது. அதையும் நான்தான் கெடுக்கணுமா?

ஜூலை 21

மனிதன் நிலாவில் இறங்கிவிட்டானாம். தெருவெல்லாம் ரேடியோ. இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருந்தால் என்னையும் அங்கே இறக்கிவிட்டுவிடுங்கள்.

ஜூலை 24, வியாழன்

பாஷா மறுபடி கடைக்கு வந்தார். விலாசம் வேண்டுமாம். வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்றேன். பரவாயில்லை, எனக்கு வந்து போனதுதான் என்றார். அக்காவுக்குக் காது கேட்காது என்றேன். உரக்கப் பேசுகிறேன் என்றார். அவள் காசிக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

“காது கேக்காம, அம்மை போட்டுக்கினு காசிக்கா போனாங்க?”

வேறு வழியில்லாமல் கடைக்குப் பின்பக்கம் கூட்டிப்போய் உண்மையைச் சொன்னேன். படம், டாங்கி, பத்திரிகை எல்லாம். தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“நான் வந்து உக்காந்து ரெண்டு வார்த்தை நல்லபடியா பேசிட்டுப் போறேன். டாங்கி பத்தி நானா எதுவும் சொல்லமாட்டேன். ஆனா அவங்களா கேட்டா பொய் சொல்லமாட்டேன். சம்மதமா?”

சம்மதம் என்றேன். அக்கா எதையும் கேட்கிறவள் இல்லை. இருபத்தாறு வருஷத்தில் மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஜூலை 27, ஞாயிறு

முதலில் படத்தை ஒளித்தேன். கண்ணாடி துடைக்கிறேன் என்று சொல்லி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். அரை மணியில் செண்பகம் அதை எடுத்து, புதுக் கதம்பம் சாத்தி, இருந்த இடத்திலேயே மாட்டினாள். “அப்பாவப் பாத்தவரு வர்றாரு. அப்பா படம் இல்லாம எப்படி மாமா?”

பாஷா நாலு மணிக்கு வந்தார். வாழைப்பழமும் ஒரு டப்பா பிஸ்கோத்தும் வாங்கி வந்திருந்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். உத்தமமான மனிதர். மாமா நல்லவர் என்றார், வார்டில் எல்லோருக்கும் பிடித்தவர் என்றார். பாலைவனம், வெயில், பேரீச்சம்பழம் என்று என்னென்னவோ பேசினார். காபி குடித்தார். கிளம்புகிற மாதிரி எழுந்தார். எனக்குப் போன உயிரில் முக்கால்வாசி திரும்பி வந்தது.

அப்போது அக்கா சுவரோரமாக நின்றபடி, யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டாள்:

“அண்ணே, நீங்க ஆஸ்பத்திரில இருந்தீங்கன்றீங்க. அங்க அவரக் கொண்டாந்தாங்களா? ஏதாச்சும்... ஒரு கை, ஒரு காலு... எதுனா இருந்திச்சா?”

பாஷா மறுபடி உட்கார்ந்தார். என்னைத்தான் பார்த்தார்.

அக்கா நிறுத்தவில்லை. அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. “வருசா வருசம் படையல்ல எலையச் சுத்தி நாலு மூலையிலயும் தண்ணி வெக்கிறேன். எந்தத் துண்டு எந்தப் பக்கம் கெடந்துச்சோ, எதுக்குத் தாகமோ, இன்னா தெரியும்? சாவறப்ப வாயில ஒரு சொட்டுப் பால் ஊத்தக்கூட வாயின்னு ஒண்ணு இருந்திச்சான்னு தெரிலயே.”

நாலு டம்ளர் தண்ணீர். ஒவ்வொரு வருஷமும் படையல் முடிந்ததும் நான்தான் அதைக் குடிப்பேன். தம்பிக்குத் தாகம் எடுக்குமே என்று அக்கா தாராளமாக வைக்கிறாள் என்று நினைத்திருந்தேன். இருபத்தாறு வருஷம்! நான் கொடுத்தது பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ ஒவ்வொரு நாளும் அவரைத் துண்டு துண்டாகப் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் வீசின குண்டு அது. நான்தானே வீசினேன்?

“அக்கா,” என்றேன். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. “டாங்கி இல்லக்கா. குண்டும் இல்ல. லெட்டர்ல அப்டி இல்ல. நான்தான் சொன்னேன். மாமாவுக்கு சீதபேதி.”

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாஷா பக்கமே திரும்பி, “அப்ப முழுசா இருந்தாரா?” என்றாள்.

“முழுசாத்தான் இருந்தாரும்மா. எளச்சிப் போனாரு, அவ்ளோதான். பத்தொம்பது நாளு என் வார்டுலதான். கட்டில்ல படுக்கமாட்டாரு, தரையில பாய் போடச் சொல்வாரு. ஏரில தண்ணி வந்துச்சான்னு டாக்டரக் கூடக் கேப்பாரு. கடைசி ரெண்டு நாளு பேச்சு இல்ல. நான்தான் பக்கத்துல இருந்தேன். தமிழ் ஆளு ஒருத்தர் வந்து, பால் ஊத்தணும் பாய்னு சொன்னாரு. டப்பாப் பாலத்தான் கரைச்சேன். ஸ்பூன்ல மூணு தடவை ஊத்தினேன்.”

“எறங்கிச்சா?”

“எறங்கிச்சும்மா. மூணும் எறங்கிச்சு. அப்புறம் அவர் கம்பெனி ஆளுங்க வந்து முறையாச் செஞ்சாங்க.”

அக்கா அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அழுகை என்றால் அழுகை, கூவம் அடையாறு இரண்டும் சேர்ந்து... இல்லை. இதில் மிகைப்படுத்த எதுவும் வேண்டாம். அழுதாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “எறங்கிச்சாம்டி” என்று செண்பகத்திடம் சொன்னாள். சிரித்த மாதிரி இருந்தது.

செண்பகம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “டாங்கி பொய். அப்ப இந்தப் படம்?”

படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மீசையை மனதுக்குள் எடுத்துவிட்டுப் பார்த்தாள் போல. முகம் வெளுத்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாஷா மூடின கதவைப் பார்த்து, உரத்த குரலில் சொன்னார்: “உம் பேரு செண்பகம்தானே கண்ணு? கடையில உங்க மாமா சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். பொண்ணு பொறந்துகீது, செண்பகம்னு பேரு வெச்சுகீறாங்கன்னு லெட்டர மடிச்சி தலமாட்டுலயே வெச்சிருந்தாரு. அவருக்குப் படிக்கத் தெரியாது. யார் வந்தாலும் படிச்சிக் காட்டச் சொல்வாரு. நானே ஒரு இருவது தடவ படிச்சிருப்பேன்.”

கதவு திறக்கவில்லை. ஆனால் உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

பஸ் நிறுத்தம் வரை பாஷாவோடு போனேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. “பாய், அந்தப் பால்... நெசமா? இல்ல, என்ன மாதிரி நீங்களும்...?”

நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நான் துணிக்கடையில வேலை பாக்கல நைனா.”

ஜூலை 28

செண்பகம் பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள். குழம்பு இல்லாமல்.

ஜூலை 29, செவ்வாய்

அக்கா ஏழரை மணி வரை தூங்கினாள். பால்காரன் கதவைத் தட்டித் தட்டி, கடைசியில் நான் எழுந்து போய் வாங்கினேன். எனக்குத் தெரிந்து அவள் விடிவதற்கு முன் எழுந்திருக்காத நாளே கிடையாது. பயந்துபோய் மூக்கில் கை வைத்துப் பார்த்தேன்.

“இன்னாடா?” என்றாள், கண்ணைத் திறக்காமலே.

“ஒண்ணுமில்ல, தூங்கு.”

“தூங்கிக்கினுதான் கீறேன்.”

காபி குடிக்கும்போது ஒரே ஒரு தடவை திட்டினாள். “பேதின்னா பேதின்னு சொல்றதுக்கு இன்னாடா கேடு ஒனக்கு? ஒரு கசாயம் வெச்சிக் குடுக்க முடியலயேன்னு அழுதுட்டுப் போயிருப்பேனே.” இருபத்தாறு வருஷக் குற்றத்துக்கு இவ்வளவுதான் தண்டனை. நான் என்ன, தப்பிவிட்டேனா? இல்லை, இது ஆயுள் தண்டனை மாதிரிதான் இருக்கிறது. ஆனாலும் மார்பு மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டது.

ஜூலை 31, வியாழன்

ஆதம்பாக்கம் போய்வந்தேன். சைதாப்பேட்டைப் பாலத்தைத் தாண்டும்போது பஸ் ஆற்றில் விழுந்தால் நல்லது என்று தோன்றியது. பஸ்ஸில் இருந்த மற்ற அறுபது பேரையும் நினைத்துப் பெருந்தன்மையாக அந்த வேண்டுதலைத் திரும்பப் பெற்றேன்.

புஷ்பம் அம்மாளிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப டாங்கி?”

“இல்லம்மா.”

“போட்டோ?”

“நான்தான்.”

“பதக்கம்?”

“துணிப் பேல்ல வந்த தகரம்.”

மாணிக்கவாசகம் அதுவரை அடக்கிக்கொண்டிருந்தவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். “அது எனக்கு அன்னிக்கே தெரியும் மாமா. தகரத்துல மில்லு பேரு இருந்திச்சி. எந்த சர்க்கார்டா மில்லு பேரு போட்டு பதக்கம் குடுக்குதுன்னு நெனச்சேன்.”

“தெரிஞ்சும் சம்மதிச்சியா?”

“நான் என்னா பதக்கத்தையா கட்டிக்கப் போறேன்?”

புஷ்பம் அம்மாள் மகனை ஒரு அதட்டு அதட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க மொதல்ல உக்காருங்கண்ணா. சீக்குல போனா மட்டும் அப்பா இல்லன்னு ஆயிடுமா? எங்க வூட்டுக்காரரு படுத்தது மூணு மாசம். என் கையிலதான் போனாரு. அந்த அம்மாவுக்கு அதுகூடக் கெடைக்கல.” சொல்லிவிட்டு எனக்கு மோர் கொண்டு வந்தார்.

ஒரு சொம்பு மோரையும் ஒரே மூச்சில் குடித்தேன். அதில் துளி மிகையில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஒரு வாரம் கழித்து செண்பகம் வாயைத் திறந்தாள். சவரம் செய்துகொண்டிருந்தேன்.

“மாமா, படத்த எறக்கிட்டேன்.”

“எறிஞ்சிட்டியா?”

“மாலையத்தான் எறிஞ்சேன். பொட்டையும் அழிச்சிட்டேன். உயிரோட கீறவங்களுக்கு மாலை போடறதா? அம்மாவும் உன்கூட சேர்ந்துக்கினு... உங்க ரெண்டு பேருக்கும் அறிவே இல்ல.”

பிறகு, போகிற போக்கில், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “பரீட்சைக்குப் போறப்பல்லாம் அந்தப் படத்துக்கிட்டதான் சொல்லிட்டுப் போவேன். ஒரு தடவகூட நான் ஃபெயிலாவல.”

படம் இப்போது உள்ளறையில், காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்து நான் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தேன். பாதி முகத்தில் சோப்பு நுரை.

ஆகஸ்ட் 5

அச்சகத்தில் புரூஃப் தயார். சினிமா எழுத்தில் ‘மாவீரர்’ ஒரு முழ நீளத்துக்கு இருந்தது. அதை மடித்து வீட்டுக்கு எடுத்துவந்தேன். அக்கா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, நான் திருத்தினேன்.

“வேளச்சேரி விவசாயி, காலஞ்சென்ற சின்னப்பையன் மகள். அவ்ளோதான்.”

“புகழ்பெற்ற விவசாயி?”

“வாணாம்.”

“பட்டாளத்துக்குப் போனதையாச்சும் ஒரு ஓரமா...?”

“அது அவரு போயிட்டு வர்றேன்னு போனது. அவரு யாருன்னா, ஏரு ஓட்டினவரு. அத எழுது.”

எழுதினேன். என் வாழ்நாளில் இவ்வளவு சிறிய வாக்கியம் எழுதியதில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய். ஆடி அமாவாசை.

படம் இல்லை, விளக்கு மட்டும் ஏற்றினோம். இலை போட்டு, பக்கத்தில் ஒரு டம்ளர் வைத்தாள் அக்கா. அதில் பால். பாஷாவும் அவர் மகள் ஜைதூன் பீயும் வந்திருந்தார்கள். பாஷா நாலு வடை சாப்பிட்டார். எனக்கென்று நான் மனதில் ஒதுக்கி வைத்திருந்த நாலு அது. ஒரு படையல் சாப்பாட்டை இப்படி உரிமையே இல்லாமல், வெறும் விருந்தாளியாக, நான் சாப்பிட்டதில்லை. ருசி ஒன்றும் குறையவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

முந்தாநாள் கல்யாணம். முப்பத்து முக்கோடி தேவர்களும் வந்தார்கள், அவர்களில் பாதிப்பேர் சாம்பாரில் உப்பு குறைவு என்றார்கள். தாய்மாமன் சீரை நான் தலையில் சுமந்து வந்த அழகைப் பார்த்து நாதஸ்வரக்காரர் ஒரு நிமிஷம் வாசிப்பதையே நிறுத்திவிட்டார். (சீவாளி மாற்றிக்கொண்டிருந்தாராம்.) அண்ணாச்சி ஒரு பட்டுப்புடவை கொடுத்தார், “நீ கதை சொல்லாம வித்த ஒரே மாசம் இதுதான்டே” என்று சொல்லி.

இன்று ஆதம்பாக்கத்தில் மறுவீட்டு விருந்து. சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது புஷ்பம் அம்மாள், “உங்க வூட்டுக்காரரு எப்படி இருப்பாரு சம்பந்தி?” என்று கேட்டார். நான் வழக்கம்போலத் தொண்டையைச் செருமினேன்.

அக்கா என்னை முந்திக்கொண்டாள்.

“எப்டியா? மலை மாதிரி இருப்பாரு! ஒரு வாட்டி ஏரிச் சேத்துல எங்க எரும மாட்டிக்கிச்சு. நெற மாச எரும. ஊரே கயிறு போட்டு இழுக்குது, அசையல. இவரு எறங்கினாரு. அப்டியே ரெண்டு கையால அலாக்காத் தூக்கி, கரையில கொண்டாந்து வெச்சாரு!”

“ஒத்த ஆளா?” என்றார் புஷ்பம் அம்மாள்.

“ஒத்த ஆளா! அது வாலால இவரு மூஞ்சிலயே ஒரு போடு போட்டுது பாரு, அதுக்கும் சிரிச்சிக்கினே நின்னாரு.”

செண்பகம் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மாணிக்கவாசகம் என் பக்கம் சாய்ந்து, “நெசமா மாமா?” என்று காதில் கேட்டான்.

அது எருமை அல்ல. பிறந்து இருபது நாளான கன்று. நாலு பேர் சேர்ந்து தூக்கினோம், பின்னங்காலைப் பிடித்திருந்தவன் நான்.

வெற்றிலையை நன்றாக மடித்து வாயில் அடக்கிக்கொண்டேன்.